டாக்டருக்கு உண்மையில் என்ன வயசு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த டாக்டர்? வயதில் அப்படி என்ன சிக்கல்?

பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ தொடரின் நாயகர். கேலிஃப்ரே என்ற கோளைச் சேர்ந்த ‘டைம் லார்ட்’ இனத்தவர். டார்டிஸ் என்ற நீல நிற போலீஸ் பெட்டியில் ஏறிக் காலத்தின் முன்னும் பின்னும் போய்வருகிறவர். சாகும் நிலை வந்தால் உடம்பு முழுக்க மாறி வேறொரு முகத்தோடு எழுந்துவிடுவார். தொடர் 1963 நவம்பர் 23 அன்று தொடங்கியது. 1989-இல் நின்றது, 1996-இல் ஒரு தொலைக்காட்சிப் படம் வந்தது, 2005-இல் மறுபடி தொடங்கியது. இத்தனை காலத்தில் எத்தனையோ எழுத்தாளர்கள் அவருக்கு வயது போட்டிருக்கிறார்கள். முந்தைய ஆள் என்ன எழுதினார் என்று திரும்பிப் பார்த்தவர்கள் அதில் கொஞ்சம் பேர்தான். அதனால் 450, 750, 953, 900, 1200, 2000, அப்புறம் 450 கோடி என்று எண்கள் குவிந்து கிடக்கின்றன. ரசிகர்கள் அறுபது வருடமாக இவற்றை ஒரே வரிசையில் நிறுத்தப் பார்க்கிறார்கள்.

சுற்றி வளைக்காமல் ஒரு எண் சொல்லுங்கள்.

இரண்டாயிரத்துச் சொச்சம். பன்னிரண்டாவது டாக்டரான பீட்டர் கபால்டி, 2014-இல் வந்த ‘டீப் பிரெத்’ கதையில், தான் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவன் என்கிறார். அவர் காலம் முழுக்க அந்த எண்தான் புழங்குகிறது. ஆனால் அது அவராகச் சொல்லிக்கொள்ளும் வயது, அவருக்கு நினைவிருக்கிற வயது. அவர் உடம்பின் வயதைக் கேட்டால் பதில் வேறு. அவர் என்ற உயிர் எப்போது தோன்றியது என்று கேட்டால் அதற்குப் பதிலே கிடையாது. சண்டைகளில் பாதி, ஆளுக்கொரு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டு ஒரே கேள்விக்குச் சொல்வதாக நினைப்பதால் வருவது.

திரையில் முதன்முதலில் வயதைச் சொன்னது எப்போது?

1967-இல், இரண்டாவது டாக்டர் பாட்ரிக் ட்ராட்டன் காலத்தில். ‘தி டூம் ஆஃப் தி சைபர்மென்’ கதையில், அப்போதுதான் அப்பாவை இழந்து டார்டிஸில் ஏறியிருக்கும் விக்டோரியா அவர் வயதைக் கேட்கிறாள். பூமிக் கணக்கில் பார்த்தால் சுமார் 450 இருக்கும் என்கிறார். அந்தப் ‘பூமிக் கணக்கு’ என்ற சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

முதல் டாக்டர் வில்லியம் ஹார்ட்னெல் தன் வயதைச் சொன்னதே இல்லை. நடிகருக்கு அப்போது 55. கூடவே பேத்தி சூசன் இருந்ததால் ‘தாத்தா வயது’ என்று பார்ப்பவர்களே முடிவு செய்துகொண்டார்கள்.

இன்னொரு விஷயம். பிபிசி தன் பழைய ஒளிநாடாக்களை அழித்துக்கொண்டிருந்த காலத்தில் இந்தக் கதையும் காணாமல் போனது. 1990-களின் தொடக்கத்தில்தான் ஹாங்காங்கிலிருந்து பிரதி கிடைத்தது. அதுவரை அந்த 450-ஐத் திரையில் போட்டுச் சரிபார்க்க வழியில்லை.

450 எப்படி எட்டே வருடத்தில் 750 ஆனது?

நான்காவது டாக்டர் டாம் பேக்கர், 1975-இல் வந்த ‘பிரமிட்ஸ் ஆஃப் மார்ஸ்’ கதையில் தனக்கு 750 போல ஆகிறது என்கிறார். சீக்கிரம் நடுத்தர வயது வந்துவிடும் என்று அவரோடு பயணிக்கும் தோழி சாரா ஜேன் கிண்டலடிக்கிறாள். அடுத்த வருடக் கதைகளில் அது 749 என்று துல்லியமாக வருகிறது. இடையில் இருந்த மூன்றாவது டாக்டர் ஜான் பெர்ட்வீ பெரும்பாலும் பூமியிலேயே நாடுகடத்தப்பட்டுக் கிடந்தவர். அவர் காலத்தில் முந்நூறு வருடத்தை எங்கே ஒளித்துவைப்பது?

ரசிகர்கள் கண்டுபிடித்த இடம் ‘சீசன் 6பி’. இரண்டாவது டாக்டரின் கடைசிக் கதையில் டைம் லார்டுகள் அவரைத் தண்டித்து முகத்தை மாற்றுகிறார்கள். ஆனால் அவர் முகம் மாறுவதைத் திரையில் காட்டவில்லை. தண்டனைக்கும் முகமாற்றத்துக்கும் நடுவே அவர் டைம் லார்டுகளுக்காக ரகசிய வேலை பார்த்தார் என்பது இந்த வாதம். வெறும் கற்பனை இல்லை, ஆதாரமும் உண்டு. 1983-இன் ‘தி ஃபைவ் டாக்டர்ஸ்’ கதையில் வரும் ட்ராட்டனுக்கு, தன் நண்பர்கள் ஜேமி, ஸோயி இருவரின் நினைவும் அழிக்கப்பட்ட செய்தி தெரிந்திருக்கிறது. அது நடந்ததே அவருடைய கடைசிக் கதையின் முடிவில்தான். அப்படியானால் அதற்குப் பிறகும் அவர் அந்த முகத்தோடு உலவியிருக்கிறார். எனக்குப் பிடித்த ரசிகர் வாதம் இதுதான். ஓட்டையைக் கண்டுபிடித்து, அதற்குள் முந்நூறு வருடத்தைக் குடிவைத்துவிட்டார்கள்.

மூன்றாவது டாக்டரே ‘பல ஆயிரம் ஆண்டுகள்’ வாழ்ந்ததாக 1970-லும் 1971-லும் பேசுகிறாரே என்று கேட்பீர்கள். அதை வாய்ச்சவடால் கணக்கில் எழுதிவிடுவதுதான் வழக்கம். நானும் அப்படியே எழுதிவிடுகிறேன்.

அவர் வயதைக் குறைத்துச் சொல்கிற ஆளா?

ஆமாம், கையும் களவுமாகப் பிடிபட்டிருக்கிறார். 1978-இன் ‘தி ரைபோஸ் ஆபரேஷன்’ கதையில் தனக்கு 756 என்கிறார். இல்லை, 759 என்று ரோமானா திருத்துகிறாள், அவரோடு பயணிக்கும் இன்னொரு டைம் லார்ட். ரேஷன் கார்டில் ஒரு வயது, பள்ளிச் சான்றிதழில் ஒரு வயது என்று வைத்துக்கொள்ளும் ஆட்களை நமக்குத் தெரியாதா என்ன? மூன்று வருடம் பெரிய விஷயம் இல்லை. ஆனால் இந்தக் காட்சியால் வந்த விளைவு பெரியது. அவர் வாயால் சொல்லும் எந்த எண்ணையும் இனி அப்படியே நம்ப வேண்டியதில்லை என்று ஆகிவிட்டது.

திருத்திய ரோமானாவும் யோக்கியம் இல்லை. அந்தக் கதையில் அவளுக்கு ஏறக்குறைய 140. முகம் மாறி, அடுத்த வருடம் ‘சிட்டி ஆஃப் டெத்’ கதையில் பேசும்போது 125 என்கிறாள்.

953-லிருந்து 900-க்கு எப்படி இறங்கினார்?

மொத்தச் சண்டையின் மையமும் இதுதான்.

1987-இல் வந்த ‘டைம் அண்ட் தி ராணி’யில் ஏழாவது டாக்டர் சில்வெஸ்டர் மெக்காய்க்கு வயது 953. அவருடைய பழைய சக மாணவியும் எதிரியுமான ராணிக்கும் அதே வயது. இது போகிறபோக்கில் வந்த வசனம் இல்லை. அந்த எண்தான் ஒரு பூட்டைத் திறக்கும் குறியெண். பூட்டு திறக்கிறது. ஆகவே குறைத்துச் சொன்னார், கூட்டிச் சொன்னார் என்று தட்டிக்கழிக்க முடியாது. பழைய தொடரின் எண்களிலேயே சாட்சி பலமானது இதுதான்.

2005-இல் தொடர் திரும்பி வருகிறது. ஒன்பதாவது டாக்டர் கிறிஸ்டோபர் எக்கல்ஸ்டன், தன் தோழி ரோஸின் அம்மாவிடம் அறை வாங்கியபின், தொள்ளாயிரம் வருடத்தில் ஒருத்தியின் தாயிடம் அறை வாங்கியதே இல்லை என்று புலம்புகிறார். அதுதான் தன் வயது என்றும் ரோஸிடம் சொல்கிறார். நடுவில் எட்டாவது டாக்டரின் வாழ்க்கை முழுசாகவும், அதன்பின் ஒரு மாபெரும் காலப்போரும் நடந்து முடிந்திருக்கின்றன. வயது மட்டும் ஐம்பத்து மூன்று குறைந்திருக்கிறது!

சொல்லப்படும் சமாதானங்கள் பல. போரில் கேலிஃப்ரே அழிந்தபின் (அப்படித்தான் அப்போது அவர் நினைத்தார்) கணக்கையும் புதிதாகத் தொடங்கினார் என்பார்கள் சிலர். போரில் நடந்ததைத் தன் வாழ்க்கையாகவே அவர் எண்ணவில்லை, அந்த ஆண்டுகளைக் கழித்துவிட்டார் என்பார்கள் வேறு சிலர். இதற்கு 2013-இல் ஒரு வலு கிடைத்தது. ‘தி டே ஆஃப் தி டாக்டர்’ கதையில், போரில் சண்டையிட்ட முகத்தையே டாக்டர் என்று ஏற்காமல் மறைத்துவைத்திருந்தார் என்று தெரியவந்தது. அதே கதையில் அந்தப் போர் டாக்டர், 1200 சொச்சம் என்று சொல்லும் பதினோராவது டாக்டரைப் பார்த்து, என்னைவிட நானூறு வயது மூத்தவன் என்கிறார். கழித்துப் பாருங்கள், போர் டாக்டருக்குச் சுமார் 800. அதாவது 953 ஆனவர், போர் முடியும் நேரத்தில் 800. ஆக, 2005-க்குப் பிந்தைய எண்கள் தங்களுக்குள் ஒத்துப்போகின்றன, 1987-இன் எண்ணோடு மட்டும் ஒட்டவே ஒட்டாது. இரண்டும் வெவ்வேறு கணக்குப் புத்தகங்கள் என்று ஏற்றுக்கொள்வதுதான் நேர்மை என்பது என் கட்சி.

எழுத்தாளர் பக்கம் நின்று பார்த்தால் காரணம் சிக்கலே இல்லை. புதிதாகப் பார்க்க வருகிற சிறுவர்களுக்கு ‘தொள்ளாயிரம் வருடம்’ என்பது காதில் நிற்கும். 1987-இல் ஒரு பூட்டுக்குப் போட்ட எண்ணை யார் தேடப்போகிறார்கள் என்று விட்டிருப்பார்கள். தேடினார்கள்.

கேலிஃப்ரே வருடம் வேறு, பூமி வருடம் வேறு என்று முடித்துவிடக் கூடாதா?

முடித்துவிடலாம், ட்ராட்டன் ‘பூமிக் கணக்கில்’ என்று தெளிவாகச் சொல்லியிருக்காவிட்டால். மற்றவர்கள் எந்த வருடத்தில் சொன்னார்கள் என்று ஒவ்வொரு முறையும் நம் வசதிக்கு மாற்றிக்கொண்டே போனால் எந்த எண்ணையும் எந்த எண்ணோடும் பொருத்திவிடலாம். எல்லாவற்றையும் விளக்கிவிடும் விளக்கம் எனக்கு ருசிப்பதில்லை.

2005-க்குப் பிறகாவது கணக்கு ஒழுங்காக ஓடுகிறதா?

ஆச்சரியமாக, முதல் ஆறு வருடம் கச்சிதம். 2005-இல் 900. 2007 கிறிஸ்துமஸ் கதையில் பத்தாவது டாக்டர் டேவிட் டெனன்ட்டுக்கு 903. 2009 இறுதியில் 906. 2010-இல் பதினோராவது டாக்டர் மாட் ஸ்மித் தன் தோழி ஆமியிடம் 907 என்கிறார். 2011-இல் 909. ஏறத்தாழ நம்மோடு சேர்ந்து வருடத்துக்கு ஒரு வயது. 2013-இல் எழுதிய ‘தி டே ஆஃப் தி டாக்டர்’ கதையில்கூட டெனன்ட் தன்னை 904 என்று சொல்கிறார், அழகாக நடுவில் போய் உட்காருகிறது. யாரோ பொறுப்பாகப் பார்த்திருக்கிறார்கள்.

அப்புறம்தான் தாவல்கள். 2011-இன் ‘தி இம்பாசிபிள் ஆஸ்ட்ரோநாட்’ கதையிலேயே ஒரே டாக்டர் இரண்டு வயதில் வருகிறார்: ஒருவருக்கு 909, இன்னொருவருக்கு 1103. தன் சாவு குறிக்கப்பட்ட நாளுக்குப் போகாமல் அவர் இருநூறு வருடம் போக்குக்காட்டித் திரிந்திருக்கிறார், நாம் அதில் பெரும்பகுதியைப் பார்க்கவே இல்லை. 2012-இல் 1200 ஆகிவிடுகிறது. 2013-இல், பொய் சொல்கிறேனா இல்லையா என்பதே மறந்துபோகும் அளவுக்கு வயதாகிவிட்டது என்று அவரே ஒப்புக்கொள்கிறார்.

அந்தக் காலத்தில் தொடரை நடத்திய ஸ்டீவன் மொஃபட்டின் கருத்தும் இதுதான். டாக்டருக்குத் தன் வயது தெரியாது, சுவரில் கோடு போட்டு எண்ணினால் ஒழியத் தெரியவும் முடியாது என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். யோசித்தால் சரிதான். காலையில் ரோமாபுரி, மாலையில் எதிர்காலம் என்று திரிகிறவருக்கு எந்த நாட்காட்டி உதவும்?

1200-லிருந்து 2000-க்கு ஒரே தாவலா?

2013 கிறிஸ்துமஸ் அன்று வந்த ‘தி டைம் ஆஃப் தி டாக்டர்’ கதையில் அவர் டிரென்ஸலோர் கோளில் ‘கிறிஸ்துமஸ்’ என்ற சிற்றூரைக் காக்க அங்கேயே தங்கிவிடுகிறார். தோழி கிளாராவை ஏமாற்றி வீட்டுக்கு அனுப்புகிறார். அவள் திரும்பி வரும்போது முந்நூறு வருடம் ஓடியிருக்கிறது. மறுபடி அனுப்புகிறார். அடுத்த முறை பார்க்கும்போது எழுந்து நிற்கவே திணறும் கிழவர். அங்கே மொத்தம் சுமார் 800 வருடம் என்பது 1200-ஐயும் 2000-ஐயும் வைத்துக் கழித்து வந்த கணக்கு.

வாழ்நாளில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான காலத்தை ஒரே ஊரில், பொம்மைகளைப் பழுதுபார்த்துக்கொண்டு கழித்தவர் என்பதை ரசிகர்கள் அதிகம் பேசுவதில்லை. நாடோடி என்று அவரைச் சொல்லும்போது எனக்கு இது நினைவுக்கு வரும்.

450 கோடி வருடம் என்கிறார்களே, அதைச் சேர்க்க வேண்டுமா?

2015-இன் ‘ஹெவன் சென்ட்’ கதை. கடல் நடுவே ஒரு கோட்டையில் டாக்டரை அடைத்துவைத்திருக்கிறார்கள். தொட்டால் கொல்லும் ஓர் உருவம் மெல்ல நடந்து துரத்துகிறது. வெளியேறும் வழியில் வைரத்தைவிட 400 மடங்கு கடினமான ஒரு சுவர், இருபது அடி தடிமன். அவர் அதைக் கையால் குத்துகிறார். உருவம் பிடித்துவிடுகிறது. குற்றுயிராக, ஒன்றரை நாள் தவழ்ந்து முதல் அறைக்குத் திரும்பி, தன் உடம்பையே எரித்து அந்தச் சக்தியில் இயந்திரத்தை ஓட்டுகிறார். அதில் பதிவாகியிருக்கும் பழைய பிரதியிலிருந்து ஒரு புதிய டாக்டர் வருகிறார், ஒன்றும் தெரியாமல். பழையவரின் மண்டையோடு மிஞ்சுகிறது. கடலுக்கடியில் மண்டையோடுகள் குவிந்து கிடக்கின்றன. சுவர் உடையும்வரை இதே கதை. அடுத்த வாரம் வந்த ‘ஹெல் பென்ட்’, ஆன காலம் 450 கோடி வருடம் என்கிறது.

சேர்க்கக் கூடாது என்பவர்கள் உடம்பைக் காட்டுகிறார்கள். ஒவ்வொரு பிரதியும் சில நாள்தான் வாழ்ந்தது. வெளியே வந்தவரும் உள்ளே போனபோது இருந்த அதே வயதில்தான் வெளியே வந்தார். இது வலுவான வாதம். பிறகும் அவர் இரண்டாயிரம் என்றே சொல்லிக்கொள்கிறார் என்பது கூடுதல் சாட்சி.

சேர்க்க வேண்டும் என்பவர்களிடம் ஒரே ஒரு சீட்டு இருக்கிறது, ஆனால் நல்ல சீட்டு. சுவரின் முன் நிற்கும் அந்தக் கட்டத்தில், ஒவ்வொரு முறையும், முந்தைய எல்லா முறையும் தனக்கு நினைவு வந்துவிடுவதாக டாக்டர் அழுதுகொண்டே சொல்கிறார். நினைவிருப்பதை வாழ்ந்ததாகத்தானே எடுத்துக்கொள்ள வேண்டும்?

நான் முதல் கட்சி. கோடிக்கணக்கான முறை நினைவு வந்ததும், அடுத்த பிரதியில் அது கழுவப்பட்டுவிடுகிறது. கடைசி ஆள் கோட்டையைத் தாண்டும்போது அவரிடம் இருப்பது தான் எத்தனை முறை செத்தேன் என்ற தகவல். அத்தனை ஆண்டுகளை வாழ்ந்த உடம்பும் மனமும் இல்லை. ஆனால் இரண்டாம் கட்சிக்காரரிடம் இதைச் சொன்னால், நினைவுதான் ஆள் என்று டாக்டரின் ஒவ்வொரு முகமாற்றத்திலும் நீங்கள்தானே சொல்கிறீர்கள் என்று மடக்குவார். பதில் சொல்வது கஷ்டம்.

‘டைம்லெஸ் சைல்டு’ வந்தபின் எல்லாக் கணக்கும் வீண்தானே?

2020 மார்ச்சில் வந்த ‘தி டைம்லெஸ் சில்ட்ரன்’ கதையில், பதின்மூன்றாவது டாக்டர் ஜோடி விட்டேக்கருக்கு, அவருடைய பழைய எதிரியான மாஸ்டர் என்ற டைம் லார்ட் ஓர் உண்மையை உடைக்கிறான். டாக்டர் கேலிஃப்ரேயில் பிறந்தவரே இல்லை. எங்கிருந்தோ வந்த குழந்தையாக டெக்டியூன் என்பவளிடம் கிடைத்தவர். டைம் லார்டுகள் முகம் மாற்றும் வித்தையே அந்தக் குழந்தையிடமிருந்து எடுக்கப்பட்டது. ஹார்ட்னெலுக்கு முன்னால் பல வாழ்க்கைகள் இருந்தன, அவை நினைவிலிருந்து அழிக்கப்பட்டன.

‘உயிரின் வயது’ தெரியாது என்று மேலே சொன்னது இதனால்தான். 2021-இல் அந்த நினைவுகள் அடங்கிய சட்டைப்பைக் கடிகாரம் அவர் கைக்கே வந்தது. திறக்காமல் டார்டிஸுக்குள் ஒளித்துவைத்துவிட்டார்.

பழைய ரசிகர்களில் பலருக்கு இந்தத் திருப்பம் கசப்பு. ஆனால் இதன் விதை 1976-லேயே இருக்கிறது. ‘தி பிரெய்ன் ஆஃப் மார்பியஸ்’ கதையின் மனப்போரில், ஹார்ட்னெலுக்கு முன் சில முகங்கள் திரையில் வந்துபோகின்றன. தயாரிப்பாளர் ஃபிலிப் ஹிஞ்ச்கிளிஃப் உட்படப் படப்பிடிப்புக் குழுவினரே வேடமிட்டு எடுத்த படங்கள் அவை, முந்தைய டாக்டர்கள் என்ற நோக்கத்தோடுதான் எடுத்தார்கள். டாக்டர் தன்னை 749 என்று சொன்னதும் அதே கதையில்தான் என்பது வேடிக்கை.

ஒலி நாடகங்களையும் நாவல்களையும் எண்ணலாமா?

எது அதிகாரபூர்வம் என்று பிபிசி ஒரு பட்டியல் போட்டதே இல்லை, அதனால் உங்கள் இஷ்டம். எண்ணினால் தலைவலி கூடும். பிக் ஃபினிஷ் நிறுவனத்தின் ‘ஆர்பிஸ்’ ஒலி நாடகத்தில் எட்டாவது டாக்டர் பால் மெக்கேன் ஒரே கோளில் அறுநூறு வருடம் கழிக்கிறார். 953-உடன் அதைக் கூட்டுங்கள், 2005-இல் சொன்ன 900 அடியோடு கவிழ்ந்துவிடும். அது வெறும் ஒலி நாடகம் என்று ஒதுக்கவும் முடியவில்லை. 2013-இல் வந்த ‘தி நைட் ஆஃப் தி டாக்டர்’ குறும்படத்தில், சாவதற்கு முன் மெக்கேன் தன் ஒலி நாடகத் தோழர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறார்.

வீட்டை விட்டு ஓடியபோது அவருக்கு என்ன வயது?

இருநூறைத் தாண்டியிருக்கும். 1978-இன் ‘தி பைரேட் பிளானட்’ கதையில் டார்டிஸை 523 வருடமாக ஓட்டுவதாகச் சொல்கிறார். ரோமானா சொன்ன 759-இலிருந்து கழித்தால் 236. முப்பத்து மூன்று வருடம் கழித்து, 2011-இன் ‘தி டாக்டர்ஸ் வொய்ஃப்’ கதையில், டார்டிஸே ஒரு பெண்ணுருவில் வந்து பேசுகிறது. கதவில் ‘இழு’ என்று எழுதியிருந்தும் எழுநூறு வருடமாக நீ தள்ளிக்கொண்டிருக்கிறாய் என்று சண்டை போடுகிறது. 909-இலிருந்து கழித்தால் 209. இரண்டு கணக்குப் புத்தகங்களும் கிட்டத்தட்ட ஒத்துப்போகும் அரிய இடம். திட்டமிட்டார்களா, தானாக அமைந்ததா, எப்படியானாலும் சந்தோஷம்.

டைம் லார்டுகளுக்குச் சிறுவயது என்றால் எத்தனை?

எட்டு வயதில் பிள்ளைகளைக் காலச்சுழலின் பிளவுக்கு முன் நிறுத்துவார்கள் என்று 2007-இல் ஒரு கதை சொல்கிறது. 2008-இல் ‘தி ஸ்டோலன் எர்த்’ கதையிலோ, தான் சின்னப் பையனாக இருந்தபோது, அதாவது தொண்ணூறு வயதில், ஒரு இடத்துக்கு வந்ததாக டாக்டர் சொல்கிறார். எட்டும் தொண்ணூறும் ஒரே குழந்தைப் பருவத்துக்குள் அடங்குமா என்று கேட்டால், அடங்கும் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். விபத்து நேராவிட்டால் தம் இனத்தார் சாகாமல் இருக்கலாம் என்று 1969-லேயே சொல்லிவிட்டார்களே.

பிறந்தநாள் கொண்டாடியிருக்கிறாரா?

கொண்டாட இருந்தார். 1978-இல் தொடரின் பதினைந்தாம் ஆண்டையொட்டி ‘தி ஸ்டோன்ஸ் ஆஃப் பிளட்’ கதைக்கு ஒரு கேக் காட்சி யோசித்தார்கள், தயாரிப்பாளர் வேண்டாம் என்று எடுத்துவிட்டார். பிழைத்தோம். இல்லாவிட்டால் தேதிக்கும் ஒரு சண்டை நடந்திருக்கும்.

நடிகரின் வயதுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

தலைகீழாக உண்டு. அதுவரை வந்தவர்களில் கதைப்படி மூத்த டாக்டர் மாட் ஸ்மித். அந்தப் பாத்திரத்துக்குத் தேர்வானபோது அவருக்கு 26, யாரையும்விட இளையவர்.

இதில் நானும் வாதாட வேண்டும். எதைப் பார்த்துவிட்டு வரலாம்?

‘தி ரைபோஸ் ஆபரேஷன்’ முதலில், அவர் பொய் சொல்வார் என்று தெரிந்துகொள்ள. பிறகு ‘டைம் அண்ட் தி ராணி’. கதை சுமார்தான், அந்தப் பூட்டுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ‘தி டே ஆஃப் தி டாக்டர்’. ‘ஹெவன் சென்ட்’ கதையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பார்த்த கையோடு ‘ஹெல் பென்ட்’ போட்டுவிடாமல், ஒரு நாள் விட்டு, சேர்ப்பதா வேண்டாமா என்று நீங்களே ஒரு முடிவுக்கு வந்த பிறகு பாருங்கள்.